இரண்டு பேர் ஜெயித்த ஸ்ட்ரீட்

டேட்டா வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ரிட்டயர் ஆனவர்களுக்கு இப்படி ஒரு மரியாதை உண்டு. நாங்கள் பேசுவோம், நீங்கள் மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், கடைசியில் சமோசா வரும். பரவாயில்லை, பாருங்கள். நானும் என் காலத்தில் இப்படிச் சமோசாவுக்குக் காத்திருந்தவள்தான்.

கருவிகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நாங்கள் வைத்திருந்ததை இன்று காயலான் கடையில்கூட எடுக்க மாட்டார்கள். ஒரே ஒரு வரியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் புரோகிராம் குப்பை என்று முடிவுகட்டித் தூக்கிப் போட்ட ஒரு வரி. அதைத் திரும்பப் போட வேண்டுமானால் ஒருவன் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் அவன் கிரீன் கார்டு போய்விடும் என்று நாங்கள் நம்பினோம்.

முதலில் டெக்ஸாஸ். நான் வேலை கற்றுக்கொண்டது இர்விங்கில், டெலிபோன் டைரக்டரிக்கு முகவரி சரிபார்க்கும் ஓர் ஆபீசில். எனக்கு மேலே ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. ஒரே பெயர், ஒரே வீடு, இரண்டு வரி என்று வந்தால் கம்ப்யூட்டர் ஒன்றை அழிக்கட்டுமா என்று கேட்கும். எல்லோரும் யோசிக்காமல் சரி என்று தட்டுவோம். அந்த அம்மாள் மட்டும் போனை எடுத்து அந்த வீட்டுக்கே டயல் பண்ணுவார். பாதி நேரம் அப்பாவும் மகனுமாக இருப்பார்கள். அப்பா பெயரையே மகனுக்கும் வைக்கிற ஊர் அது. அழிப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று தன் இழுவையான டெக்ஸாஸ் பாஷையில் சொல்வார். சிகரெட் நாற்றத்தோடு சேர்த்து அந்தப் புத்திமதியும் என் மேல் ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் சான்டா கிளாராவுக்கு வந்தேன். சின்னக் கம்பெனி. முதலாளி ரகு, சென்னைக்காரர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கி வெகுநாள் ஆனவர். பெரிய கம்பெனிகளின் வாடிக்கையாளர் முகவரிகளைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. எஸ்.டி. என்று சுருக்கி எழுதியிருந்தால் எங்கள் புரோகிராம் அதை ஸ்ட்ரீட் என்று விரிக்கும். எஸ்.சி. என்றால் சவுத் கரோலினா மாநிலம். இந்த இரண்டையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆபீசுக்குள் நுழைந்ததும் ரிசப்ஷனில் பிள்ளையார் படம், அதன் பக்கத்தில் ஃபிரேம் போட்ட ஒரு சர்டிஃபிகேட். இது சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனம், இதன் உரிமையாளர் சமூகத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர் என்று அதில் ஆங்கிலத்தில் அழகாக அச்சடித்திருக்கும். பெரிய கம்பெனிகள் தங்கள் வேலையில் ஒரு பங்கை இப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்கி வைப்பார்கள். எங்களுக்கு வந்த வேலையில் முக்கால்வாசி அந்த ஃபிரேமின் புண்ணியம். அதே ரகு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் தொடங்கிவிடுவார். இந்தியாவை ரிசர்வேஷன் குட்டிச்சுவராக்கிவிட்டது, தகுதி உள்ளவனெல்லாம் பிளேன் ஏறிவிட்டான், அமெரிக்காவில் தகுதி ஒன்றுதான் பேசும். நாங்கள் தலையாட்டுவோம். எங்கள் எல்லோருடைய கிரீன் கார்டு ஃபைலும் அவர் கையில் இருந்ததால் தலை தானாகவே ஆடும்.

ஆட்டாமல் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் ஒருவன் இருந்தான். பொன்னுசாமி. வெள்ளைக்கார வாடிக்கையாளர்களுக்கும் ரகுவுக்கும் சாம். என்னைவிடச் சின்னவன், நல்ல வேலைக்காரன், எங்கள் புரோகிராமில் பாதி அவன் எழுதியது. ஊர் கேட்டால் சேலம் பக்கம் என்பான். சேர்ந்த புதிதில் யாரோ விடாமல் துருவியபோது, நாங்கள் மலையாளிங்க என்று சொல்லிவிட்டான். போதாதா? அன்றிலிருந்து அவன் கேரளாக்காரன். ஓணம் வந்தால் வாழ்த்துச் சொல்லி அவனிடம் பாயசம் கேட்டார்கள். உங்கள் ஸ்டேட்டில் எல்லோரும் படித்தவர்கள் என்று ரகு அவன் தோளில் தட்டினார். இவ்வளவு சுத்தமாகத் தமிழ் பேசுகிறாயே என்று ஒரு பெண் ஆச்சரியப்பட்டாள். அவனும் மறுக்கவில்லை. ஓணத்துக்கு சன்னிவேல் கடையிலிருந்து பாயசம் வாங்கி வந்து வைத்தான்.

நான் ராசிபுரத்துக்காரி. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கொல்லிமலை தெரியும். அந்த மலையில் இருக்கிற பழங்குடி ஜனங்களுக்கு மலையாளி என்றுதான் பெயர். மலையை ஆள்கிறவர்கள். கேரளாவுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒருநாள் பார்க்கிங்கில் கார்க் கதவைத் திறந்துகொண்டே, கொல்லிமலையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆமாங்க்கா," என்றான். "வெளிய சொல்லிடாதீங்க. கிரீன் கார்டு வந்துறட்டும்."

அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஓணம் வந்தால் எல்லோரோடும் சேர்ந்து பாயசம் குடித்தேன்.

தொண்ணூற்று ஒன்பதில் டெல்லியில் ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்து தேர்தல் வந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் வெப்சைட் என்று வாயைத் திறந்தாலே பணம் போட ஆள் வரிசையில் நின்றது. முகவரி துடைத்துக்கொண்டிருந்த ரகுவுக்கும் ஆசை வந்துவிட்டது. வெளிநாட்டு இந்தியர்களுக்காக ஒரு தேர்தல் வெப்சைட். எல்லாத் தொகுதியும், முதல் தேர்தலிலிருந்து எல்லா முடிவும். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடப்போகிறவர் எங்கள் ஆபீசில் ஒருவர்கூட இல்லை என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை.

பணம் போடுகிறவருக்குக் காட்ட மாதிரிக்கு ஒரு தொகுதியை எடுத்து அதன் முழு வரலாற்றையும் ஒரு பக்கத்தில் போடுவது என்று முடிவாயிற்று. தேர்ந்தெடுத்தது நடு இந்தியாவில் மலையும் காடுமாக இருக்கிற, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஒரு நாடாளுமன்றத் தொகுதி. பெயரைச் சொல்ல மாட்டேன். ஆங்கில அகரவரிசையில் முன்னால் வந்தது, அவ்வளவுதான் அதன் தகுதி. தமிழ்நாட்டில் நாடாளுமன்றத்துக்குப் பழங்குடியினர் தொகுதி கிடையாது. அப்படி ஒன்று நாட்டில் இருப்பதே எங்களில் பலருக்குப் புதுச் செய்தி.

சென்னையில் ஆள் வைத்துத் தட்டச்சு செய்து அனுப்பிய எல்லாத் தொகுதி விவரத்தையும் எங்கள் புரோகிராமில் விட்டோம். எங்களிடம் இருந்தது அது ஒன்றுதானே. வெளியே வந்ததைப் பார்த்தால் அந்தத் தொகுதியின் பெயருக்குப் பின்னால் பிராக்கெட்டில் இருந்த எஸ்.டி., ஸ்ட்ரீட் என்று நிற்கிறது. ஒரு மலை நாடே தெருவாகிவிட்டது. எஸ்.சி. தொகுதிகளெல்லாம் மூட்டை கட்டி சவுத் கரோலினாவுக்குப் போயிருந்தன. நான் ஓட்டுப் போட்ட ராசிபுரம் அட்லாண்டிக் கரையில் இருந்தது. நாகப்பட்டினத்துக்காவது கடல் பழக்கம் உண்டு, ராசிபுரம் என்ன செய்யும்? ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. ரகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த பிராக்கெட்டையே எடுத்துவிடுங்கள், பக்கம் பார்க்கக் க்ளீனாக இருக்கும் என்றார். எடுத்துவிட்டார்கள். எஸ்.டி.யும் இல்லை, எஸ்.சி.யும் இல்லை, எல்லாமே பொது. அரசியல் சாசனம் இத்தனை வருடமாகச் செய்ய முடியாததை நாங்கள் ஒரு மத்தியானத்தில் செய்து முடித்தோம்.

சிரிக்க வைக்கிற தவறு வந்தால் ஜாக்கிரதையாக இருங்கள். அதைத் திருத்திவிட்ட சந்தோஷத்தில் பக்கத்தில் இருக்கிறதை யாரும் பார்ப்பதில்லை. பொன்னுசாமி பார்த்திருந்தான். டெமோவுக்கு முந்தைய நாள் என் மேசைக்கு வந்து, சென்னையிலிருந்து வந்த மூலத்தையும் எங்கள் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். முதல் தேர்தலில் ஒரு வரி குறைந்தது.

விஷயம் இதுதான். சுதந்திரம் வந்த புதிதில் சில தொகுதிகளுக்கு இரண்டு எம்.பி. ஒரே தொகுதி, ஒரே தேர்தல், ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டு இடத்தில் ஒன்று பொது, இன்னொன்று ஒதுக்கீடு. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். எங்கள் புரோகிராமுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியுமா? ஒரு தொகுதி, ஒரு வருடம், இரண்டு பேர் ஜெயித்திருக்கிறார்கள் என்றதும் டூப்ளிகேட் என்று முடிவு செய்துவிட்டது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது? கூடுதலாக ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் அழுக்கு வரி, அதைத் தூக்கு என்பது முகவரிக்கு நாங்கள் வைத்திருந்த விதி. ஒட்டிக்கொண்டிருந்த எழுத்து எஸ்.டி. அந்தத் தொகுதியிலிருந்து முதன்முதலாக டெல்லிக்குப் போன பழங்குடி மனிதர் அப்படித்தான் குப்பைக் கூடைக்குப் போனார்.

அதற்குப் பின் வந்த வரிகளையும் சொல்ல வேண்டும். ஒருவரே மூன்று கட்சி மாறி மூன்று தடவை ஜெயித்திருந்தார். அவர் தோற்றதும் மருமகள் நின்றார். எல்லாக் கட்சியும் மலையிலிருந்து ஒருவரைப் பிடித்து நிறுத்திவிட்டு, கடிவாளத்தைச் சமவெளியில் இருக்கிறவர்கள் கையில் கொடுத்திருந்தது. கட்சி மாறிய ஆசாமியை மட்டும் புரோகிராம் மூன்று தனித்தனி மனிதர்கள் என்று நம்பி மூன்றையும் பத்திரமாக வைத்திருந்தது. அவரே தன்னை அப்படித்தான் நினைத்திருப்பார்.

எனக்கு டெக்ஸாஸ் அம்மாள் ஞாபகம் வந்தார். இவர்கள் இரண்டு பேரும் தனித்தனி ஆள்தானா? தனித்தனி ஆள்தான். பொது இடத்தில் ஜெயித்தவர் சமவெளிக்காரர். மூலத்தில் ஓட்டுக் கணக்கைப் பார்த்தேன். பார்த்துவிட்டு பொன்னுசாமியைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான். ரகுவிடம் நான் பேசுகிறேன், நீ வாயைத் திறக்காதே, உன் ஃபைல் இருக்கிறது என்று சொல்லித்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ரகு நல்ல மனநிலையில் இருந்தார். ஒரு சீட்டுக்கு ஒரு ஆள்தானே, இன்வெஸ்டர் குழம்பிவிடுவார் என்றார். நான் இரட்டைத் தொகுதி முறையை விளக்கினேன். பாதியிலேயே அவர் முகம் தெளிந்துவிட்டது.

"ஓ, கோட்டா கேஸா?" என்றார். "அப்போ ஒரு ஸ்டார் போட்டு கீழ சின்னதா போட்டுடுங்க செல்வி. ஜெனரல்ல ஜெயிச்சவர்தான் ரியல் வின்னர். கட்-ஆஃப் கம்மியா வாங்கினவரை எப்படி மேல போடறது?"

தேர்தலுக்கும் கட்-ஆஃப் கண்டுபிடித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அவர்தாங்க சார் ஜாஸ்தி வாங்கியிருக்காரு. ரெண்டு பேருல முதல்ல வந்ததே அவருதான்."

ரகு மூலத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது முடிவு இருக்குமோ என்று. பிறகு பொன்னுசாமி மேல் அவருக்குக் கோபம் வந்தது. "சரி, உனக்கென்ன இதுல இவ்ளோ இன்ட்ரெஸ்ட் சாம்? உங்க கேரளாவுல இருக்கறவங்க எல்லாருமே இப்படித்தான் பாலிடிக்ஸ் பேசுவீங்களா?"

நான் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"நான் கேரளா இல்லீங்க சார். கொல்லிமலை. அந்த பிராக்கெட்டுக்குள்ள இருந்தது ஸ்ட்ரீட் இல்லீங்க, நாங்கதான்."

ரகு என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நீ சொன்னதே இல்லையே என்றார். பிறகு, எனக்கு இதெல்லாம் கண்ணிலேயே படாது, நான் மனுஷனைத்தான் பார்ப்பேன் என்றார். கண்ணில் படாத விஷயத்தைப் பற்றி மனிதர் தினமும் மத்தியானம் முழுக்கப் பேசுவார்.

இனி பேச வேண்டியது நான்தான். எந்தப் பக்கமும் வெளியே போவதற்கு முன்னால் நான் சரி என்று ஒப்புதல் கொடுக்க வேண்டும், அதுதான் என் வேலை. நியாயம், தர்மம் என்று ஆரம்பித்தால் ரகு அதைவிட அழகாகப் பேசுவார் என்பது எனக்குத் தெரியும். அதனால் நாளைக்கு வருகிற வெள்ளைக்காரர் இதே முடிவை வேறு எங்காவது பார்த்துவிட்டு, முதலில் வந்தவரை ஏன் காணோம் என்று கேட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். இரண்டு வரியும் ஓட்டு வரிசைப்படி இருந்தால்தான் ஒப்புதல், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குக் காய்ச்சல். ரகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சரி என்றார். பிராக்கெட்டும் திரும்பி வந்தது. பிள்ளைகளே, பயத்தில் சம்மதிக்கிறவரிடம் மனமாற்றத்தையும் எதிர்பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். வரி திரும்ப வந்ததா, எழுந்து வந்துவிடுங்கள்.

மறுநாள் இன்வெஸ்டர் வந்தார். அத்தனை வண்ணப் படங்களையும் விட்டுவிட்டு, ஒரே வருடத்தில் இரண்டு பேர் எப்படி என்று அந்த வரியில்தான் கையை வைத்தார். ரகு கண் கலங்க விளக்கினார். காலங்காலமாக வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்கள், அவர்களை வரலாறு மறைக்கப் பார்த்தது, எங்கள் கம்பெனி தேடிக் கண்டுபிடித்தது. எனக்கே ஒரு நிமிஷம் அந்த வரியை அவர்தான் காட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாரோ என்று தோன்றியது. அதோடு விட்டாரா? எங்கள் இன்ஜினியர்களிலேயே அப்படிப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார், சாம், எழுந்து நில்லு என்றார். பொன்னுசாமி எழுந்து நின்றான். இன்வெஸ்டர் கை தட்டினார். நாங்களும் தட்டினோம்.

பணம் வந்தது. மத்தியானப் பேச்சு நிற்கவில்லை, கொஞ்சம் நாகரிகமாகிவிட்டது. அவன் உள்ளே வந்தால் கிரிக்கெட், வெளியே போனால் ரிசர்வேஷன். அடுத்த ஓணத்துக்கு யாரும் பாயசம் கேட்கவில்லை. அவன் எழுதியதில் ஒரு தவறு வந்தால் போதும், இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதே தவறை மற்றவர்கள் செய்தால் அது வெறும் தவறு. ஃபைல் என்ன ஆயிற்று என்று அவன் கேட்கும்போதெல்லாம் ரகு சிரித்த முகமாக, லாயரிடம் இருக்கிறது என்பார். சொல்லியிருக்கக் கூடாதோ அக்கா என்று ஒருநாள் பார்க்கிங்கில் என்னிடம் கேட்டான். அவன் மனைவி மசக்கையாக இருந்தாள், விசா முடிய அதிக நாளில்லை. நான்தான் அவனை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன் என்ற நினைப்பு என்னைத் தின்றது.

இரண்டாயிரத்து ஒன்றில் வெப்சைட் என்று சொன்னால் ஓடி ஒளிகிற காலம் வந்தது. முகவரி வேலையையும் ரகு முன்பே கைவிட்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, கம்பெனியை மூடுகிறேன் என்றார். எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி, கேட்டது என் பக்கத்து மேசைப் பெண். எங்கள் கிரீன் கார்டு ஃபைலை லாயரிடமிருந்து நாங்களே வாங்கிக்கொள்ளலாமா என்றாள். ரகு தரையைப் பார்த்தார். லாயர் செலவு அதிகம், பணம் வந்ததும் அனுப்பலாம் என்று இருந்தேன் என்றார். ஒருவர் ஃபைலும் லாயரிடம் போகவில்லை. எஸ்.டி., எஃப்.சி., வாய்ப்பு மறுக்கப்பட்டவர், மறுக்கப்படாதவர் எல்லோருக்கும் ஒரே நீதி. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் முதலாளி யாருக்கும் எந்த ஒதுக்கீடும் வைக்கவில்லை.

முதலில் சிரித்தது பொன்னுசாமிதான். அடக்க முடியாமல், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். இல்லாத ஃபைலுக்குப் பயந்து அவன் தலை குனிந்து சாப்பிட்ட சாப்பாட்டையும், வாங்கி வந்த பாயசத்தையும் நினைத்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உங்களுக்குப் பாடம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைலுக்காக வாயை மூடிக்கொள்ள நினைத்தால், அந்த ஃபைல் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள்.

கிளம்பும்போது ரகு, ஞாபகார்த்தமாக யாருக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒருவன் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனான், ஒருத்தி மைக்ரோவேவை எடுத்தாள். பொன்னுசாமிக்கு அதற்குள் டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்கில் ஒரு வேலை பேச்சளவில் இருந்தது. அவன் ரிசப்ஷனில் போய் நின்று அந்த ஃபிரேம் போட்ட சர்டிஃபிகேட்டைக் கேட்டான்.

"அதை வச்சுட்டு நீ என்ன பண்ணுவே சாம்?" என்றார் ரகு. "அது என் பேர்ல இருக்கு."

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்குங்க சார், ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போட்ட ஜாதி சர்டிஃபிகேட். அதுக்கு எங்கப்பா எத்தனை தடவை மலை இறங்குனாருன்னு அவருக்கே தெரியாது. உங்களுது தபால்ல வந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டலாம்னு இருக்கேன். டூப்ளிகேட்டுன்னு சொல்லி யாரும் ஒண்ணை எடுத்துறாம நான் பாத்துக்கறேன்."

ரகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தானே அதை ஆணியிலிருந்து கழற்றி அவன் கையில் கொடுத்தார். பிள்ளையாரை அவர் எடுத்துக்கொண்டார்.